ஏழுகேணியை மூடிய மணல்

ஏழுகேணி நகரத்தை அழித்தவன் நான்தான். நாற்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊர். அதற்கு ஒரு டம்ளர் டீ போதுமானதாக இருந்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். மதுரை காளவாசலில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிற நாற்பத்திரண்டு வயது ஆள், உலகத்தில் இல்லாத ஒரு பாலைவனத்தைப் பற்றி இப்படிப் பேசினால் சிரிப்பு வரத்தான் செய்யும். என் மனைவி ரோகிணி கல்யாணமான நாளிலிருந்து சிரிக்கிறாள். "வெளங்காத ஊருக்கு நாட்டாமை" என்று எனக்குப் பட்டமே கொடுத்திருக்கிறாள்.

அந்தப் பாலைவனத்துக்கு வறளி என்று பெயர். பாலிடெக்னிக்கில் படிக்கும்போது நானும் நூருல் அமீனும் சேர்ந்து உண்டாக்கினோம். எட்டு முழக் காடாத்துணிதான் தேசம். நிலம் என் பொறுப்பு. மலை, வற்றிய ஆறு, உப்புப் பொட்டல், காற்று எல்லாம் நான் சொன்னபடிதான். ஜனங்கள் அவன் பொறுப்பு. ஊர்களை அவன் நீல பால்பாயின்ட் பேனாவால் வரைவான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு அன்று, மாடியில் துணியை விரிப்போம். பால் ஊற்றாத டீயை வாங்கிவந்து, அதில் பிரஷ்ஷைத் தோய்த்து, மணலை ஒரு நக அகலம் நகர்த்துவேன். டீக்கறை காய்ந்தால் அசல் மணல் நிறம் வந்துவிடும். உற்றுப் பார்த்தால் அடியில் மூழ்கிய ஊரின் நீலக் கோடுகள் மங்கலாகத் தெரியும்.

இரண்டு சட்டங்கள் வைத்திருந்தோம். மணல் மூடிய ஊரை மீட்கக் கூடாது. ஒவ்வொரு ஊருக்கும் அமீன் ஒரு நோட்டு எழுதுவான். ஊர் உயிரோடு இருக்கும்வரை அதில் என்ன இருக்கிறதென்று எனக்குச் சொல்லக் கூடாது. மணல் மூடியதும் கடைசிப் பக்கத்தையும் எழுதி என்னிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு சட்டத்தையும் போட்டவன் நான். பத்தொன்பது வயதில் எனக்கு அப்படி ஒரு திமிர்.

இப்படிப் பதினோரு நாகரிகங்கள் போயின. நிழலர்கள் என்று ஒரு கூட்டம், பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிவைக்காமல் பாறை நிழலை எழுதிவைத்தார்கள். கண்ணாடியர்கள் மணலை உருக்கி ஊரையே கண்ணாடியில் கட்டினார்கள்; அந்த மினுமினுப்பே தூரத்துக் கொள்ளையருக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. கீழடுக்கு மக்கள் தண்ணீர் இறங்க இறங்க வீட்டையும் கீழே கீழே தோண்டிக்கொண்டே போய், கடைசித் தலைமுறைக்குச் சூரியன் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று. ஒவ்வொரு நோட்டையும் வாசித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்காது எனக்கு. ஆனாலும் அடுத்த மாதம் பிரஷ்ஷை எடுத்துவிடுவேன்.

நாலு வருஷத்துக்கு முன்பு அமீனின் மகள் இஷ்ரத் காய்ச்சலில் இறந்துபோனாள். ஒன்பது வயது. அப்பாவை 'அத்தா, அத்தா' என்று சுற்றிவந்த ஒரே பிள்ளை. மையவாடியில் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். அமீன் அழவில்லை. நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தான். "புதுசா ஒரு ஊரு போடணும் மாப்ள" என்றான். துணியின் வடகிழக்கு மூலையில், மணல் எட்டவே எட்டாத இடத்தில், ஏழு கிணறுகளும் நான்கு வாசல்களும் வைத்து ஒரு நகரம் வரைந்தான். வரைந்து முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று. பயல் பழையபடி ஆகிவிட்டான் என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப்போல ஒரு மடையனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இந்த ஆடியில் நான் காற்றை வடகிழக்குக்குத் திருப்பினேன். மற்ற ஊரெல்லாம் போய்விட்டது, மீதி இருப்பது ஏழுகேணி ஒன்றுதான், வேறு எங்கே திருப்புவது? அப்படியும் மணல் அங்கே போய்ச்சேரப் பத்து வருஷம் ஆகும்.

அமீன் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்தைக் கொஞ்சம் தெக்க திருப்பு மாப்ள."

"எதுக்கு?"

"திருப்பேன். உன் காத்துத்தான."

"காரணத்தைச் சொல்லு, திருப்புறேன்."

"சொல்லக் கூடாதுன்னு நீதானடா சட்டம் போட்ட."

அந்த வாரம்தான் எங்கள் சொந்த ஊர் எழுமலையில், தோட்டத்தில் நான்காவது போர்வெல் போட்டிருந்தோம். தொள்ளாயிரம் அடி. தண்ணீருக்குப் பதிலாகப் புழுதி வந்தது. அப்பா நல்லகாமன் அந்தப் புழுதியைத் தலையில் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்குள்ளே எரிந்துகொண்டிருந்தது. அதை யார்மேல் கொட்டுவது? எதிரில் இருந்தவன் அமீன்.

"எங்க ஊர்ல எவனுக்குடா காத்து திரும்புச்சு? பதினோரு ஊரு போயிருச்சு, ஒருத்தனுக்காவது நீ வாயத் தொறந்தியா? இந்த ஊருக்கு மட்டும் என்ன அம்புட்டு ஒசத்தி?"

"மாப்ள, வேணாம். நான் கேட்டதே இல்லையில்ல. இதொண்ணுதான் கேக்குறேன்."

"நெலம் என் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த டீயை அப்படியே வடகிழக்கு மூலையில் கவிழ்த்தேன்.

அமீன் குனிந்து, டீ ஊறுவதைக் கொஞ்ச நேரம் கண்ணுக்குக் கிட்டத்தில் பார்த்தான். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. துணி விரிக்காத ஞாயிறுகளிலும் டீ குடிக்க வருகிறவன், அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. மூன்றாவது வாரம் அவன் மனைவி மெஹருன்னிசா கடைக்கு வந்தாள். ஒரு நீண்ட நோட்டைக் கவுண்டரில் வைத்தாள்.

"அவுக குடுத்துட்டு வரச் சொன்னாக அண்ணே. முடிஞ்சிருச்சாம். குடுக்கணும்னு சட்டமாம்."

"அவன் எப்படிம்மா இருக்கான்?"

"கடைக்குப் போறாக, வாராக. இந்த நோட்டை எழுதத்தான் மூணு வாரம் ஆயிருச்சு. கடைசி ஒரு பக்கம்தானாம்." உட்காரச் சொன்னேன். நின்றபடியே போய்விட்டாள்.

முதல் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பெருங்காய்ச்சலில் பிழைத்த ஒரு சிறுமி வடக்கு வாசல் வழியாக ஏழுகேணிக்குள் வந்தாள். வயது ஒன்பது.'

நோட்டில் எங்கேயும் பெயர் இல்லை. பெயர் வேண்டியிருக்கவில்லை. அவள் பரோட்டாவின் மேல் ஏட்டை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்தவர் இலையில் தள்ளுவாள். என் இலையில் எத்தனை தடவை தள்ளியிருக்கிறாள். படி ஏறினால் எண்ணிக்கொண்டே ஏறுவாள், எண்ணிக்கை தப்பினால் இறங்கிப் போய் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஏழுகேணியில் அவளுக்குப் பத்து வயது ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கிணறுகளுக்குள் கயிறு விட்டுத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று அளக்கும் வேலையைக் கற்றுக்கொண்டாள். கண்ணாடி போட்டாள். பன்னிரண்டில் தோழி ஒருத்தியோடு சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அமீன் அவளுடைய உயரத்தைக் குறித்துவைத்திருந்தான். அந்த நாற்பதாயிரம் பேரும் அவளுக்குத் துணைக்காக இருந்தவர்கள்தான்.

கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்து வேறு மாதிரி இருந்தது. அடித்து அடித்து எழுதி, மிஞ்சியது நான்கு வரி. 'மணல் சாயங்காலம் வந்தது. அவள் ஏழாவது கிணற்றடியில் இருந்தாள். அத்தாவைக் கூப்பிட்டாள். அத்தா மதுரையில் இருந்தார்.'

பெற்ற மகளின் சாவை ஒருவன் இரண்டாம் முறை உட்கார்ந்து எழுதியிருக்கிறான், நான் போட்ட சட்டத்துக்காக. கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்பை இங்கே எழுதி மாளாது.

அழுது முடித்ததும் ஒரு யோசனை வந்தது. சட்டம் போட்டவன் நான்தானே, நானே உடைக்கிறேன். கறைதானே, எடுத்துவிடலாம். வெள்ளைத் துணிக் கறைக்குப் போடுகிற பிளீச்சிங் திரவம் ஒரு பாட்டில் வாங்கிவந்து, பஞ்சில் தொட்டு, வடகிழக்கு மூலையைத் துடைத்தேன். நம்ப மாட்டீர்கள், டீ போயே போய்விட்டது. துணி புதுசுபோல வெளுத்தது. கூடவே பேனாக் கோடுகளும் போனதைப் பார்த்தேன், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணல் போனால் போதும், அவன் மறுபடி வரைந்துகொள்வான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

மகபூப்பாளையத்தில் அமீன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். மறுநாள் மத்தியானம் துணியைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப்போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மூன்று வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான்.

"மாப்ள, நோட்டு படிச்சேன். எனக்குத் தெரியாதுடா."

"ம்."

"சட்டத்த நானே ஒடச்சுட்டேன். மணல எடுத்துட்டேன் பாரு. காத்தையும் திருப்பிட்டேன். இனிமே அந்தப் பக்கம் மணலே வராது. நீ வரைஞ்சுக்க." துணியை அவன் மடியில் விரித்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு அந்த மூலையைத் தடவிப் பார்த்தான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

"கோடு எங்க?"

"அது பிளீச்சிங்ல போயிருச்சு. வரைஞ்சுக்கலாம் மாப்ள, ஏழு கேணிதான, நாலு வாசல்தான. எனக்கே ஞாபகம் இருக்கு."

"நீ டீயக் கொட்டுனப்ப நான் குனிஞ்சு பாத்தேன்ல" என்றான் அமீன். "ஏழு கேணியும் அடியில தெரிஞ்சுச்சு. சரி, மண்ணுக்குள்ளதான இருக்கா, இருக்கட்டும்னு நெனச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சுப் போனேன். அத நெனச்சுத்தான் கடைசிப் பக்கத்தையும் எழுதுனேன்."

துணியை மடித்து என் கையில் கொடுத்தான். குரல் உயரவே இல்லை.

"இப்ப எங்கடா இருக்கா?"

வறளியின் நிலம் முழுக்க என் பொறுப்பு. அவனுக்குக் காட்ட அதில் எனக்கு ஓர் இடமும் இல்லை.