பீட்டாட்ரானும் இரண்டு வரிக் கடிதமும்

1

ஒரு கடிதத்திலிருந்து தப்பிக்கத்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை அத்தானின் மேல்முறையீட்டு விசாரணை. அதற்குள் உண்மையை இரண்டு வரி எழுதிக் கொடு, அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று அக்கா கேட்டாள். நான் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "வளையக் குழாய்க்குள் எலக்ட்ரான்கள் லட்சம் முறை சுற்றி..." (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

ஆனாலும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கள் வார்ப்பட ஆலையின் சோதனைக்கூடத்தில், வார்த்த இரும்பை எக்ஸ்ரே எடுத்து விரிசல் பார்க்க, பீட்டாட்ரான் என்றொரு இயந்திரம். காந்தப்புலம் ஏற ஏற, அந்த ஏற்றமே எலக்ட்ரான்களை முடுக்கும். அதே புலம்தான் அவற்றை வட்டத்தில் பிடித்தும் வைக்கும். ஒரே நிபந்தனை: வட்டப் பாதையில் புலம் ஏறுவதைப்போல் இருமடங்கு, வட்டத்துக்கு உள்ளே சராசரிப் புலம் ஏற வேண்டும். பிசகினால் எலக்ட்ரான்கள் குழாய்ச் சுவரில் முட்டி வீணாகும். எக்ஸ்ரே மெலியும், பிலிம் வெளிறும். வெளிறிய பிலிமில் இரும்பின் விரிசல் தெரியாது.

இயந்திரத்தை ஓட்டியவர் அத்தான். பிலிமைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

(என்னை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். இதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அடைப்புக்குறிக்குள் வைக்கிறேன்.)

3

அன்று ஒரு பெரிய வால்வு. பிலிம் வெளிறி வந்தது. கதிர் குறையுது, காந்தத்தைச் சரிபார்த்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்றார் அத்தான். வாசலில் லாரி நின்றது. மேலாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"விடுங்க அத்தான், எனக்குத் தெரியுது" என்றேன். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை.

வால்வு வெடித்து ஒரு ஃபிட்டரின் கை போனது. விசாரணையில், கதிர் குறைந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை என்றேன். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார், மறுத்துப் பேசவில்லை. மனைவியின் தம்பியாயிற்றே என்று விட்டிருப்பார். அவர் விடுவார் என்று நம்பித்தான் நானும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

4

மாற்று முடிவுகள். அ) குற்றம் முழுக்க இயந்திரத்தினுடையது. ஆ) அத்தான் என்னை மன்னித்து, தோளில் கை...

அக்காவிடம் படித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவியபடியே கேட்டாள்.

"காந்தம் எப்படி ஏறுது, எலக்ட்ரான் எப்படிச் சுத்துதுன்னு பக்கம் பக்கமா எழுதத் தெரியுது. அவர் சொன்னார், நான் கேக்கலைன்னு எழுத மட்டும் கை வரமாட்டேங்குதா?"

5

இன்று வியாழக்கிழமை. கடிதத்தில் "அன்று அத்தான் என்னிடம்" வரை எழுதியிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது நாகரிகம் என்பார்கள். எனக்கும் உங்கள் தலையில் கட்டிவிட ஆசைதான். அன்றைக்குப் பழியை அத்தான் தலையில் கட்டியபோதும் நான் இதே மரியாதையோடுதான் பேசினேன்.