வீரம்மாவின் முகம் பதிந்த கமரா

வவுனியாவில் முபாறக் நானாவின் கடைக்குக் கமரா வாங்க வருகிறவர்கள் எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்பார்கள், உத்தரவாதம் எவ்வளவு காலம் என்று கேட்பார்கள். சுமித்திரா கேட்டதை அந்தக் கடையில் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"நானா, ஒராள் ஒரு அடி பின்னால நிண்டா முகம் மங்கோணும். அப்பிடி ஒரு லென்ஸ் இருக்கோ?"

முபாறக் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"குடும்பப் படம் எடுக்கிறதுக்கெண்டுதானே சொன்னீங்க, தங்கச்சி?"

"ஓம். குடும்பப் படந்தான்."

"அதுக்கு இந்தச் சின்ன சூம் லென்ஸ் போதும். முன்னுக்கும் பின்னுக்கும் நிக்கிற எல்லாரும் தெளிவா விழுவாங்க. நீங்க கேக்கிறது எண்பத்தைஞ்சு எம்எம் லென்ஸ். அதின்ர துவாரத்தை அகலத் திறந்து வச்சு எடுத்தா ஒரு வரிசைதான் தெளிவு. குடும்பத்துக்குள்ள சண்டை வரும்."

"ரெண்டையும் தாங்கோ."

சண்டை எப்போதோ வந்துவிட்டது. அவள் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். போன வருஷம் அவளுடைய மகள் பெரிய பிள்ளையான சாமத்திய வீட்டுக்குப் படம் எடுத்தவன் தவமலர் பிடித்துத் தந்த ஆள். தவமலர், சுமித்திராவின் கணவன் கிருசாந்தனுடைய அண்ணன் மனைவி. வட்டக்கச்சியில் அந்தக் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் நாட்டாமை அவளுடையதுதான். அல்பத்துக்குப் படம் தெரிந்தெடுத்ததும் அவளே. நாற்பது பக்க அல்பம். தவமலர் நிற்கிறாள், இருக்கிறாள், சிரிக்கிறாள், ஐஸ்கிறீம் கூடத் தின்கிறாள். சுமித்திராவின் தாய் வீரம்மா மட்டும் ஒரு பக்கத்திலும் இல்லை. தட்டு ஏந்தி வந்தவள், மேடையில் ஏறி நின்று படமும் எடுத்துக்கொண்டவள். படக்காரனைப் பிடித்துக் கேட்டபோது அவன் தலையைச் சொறிந்தான்.

"அந்தத் தோட்டக்காட்டு மனிசியின்ர படம் ஒண்டும் வேண்டாம் எண்டு அக்காதான் சொன்னவா. அழிச்சுப்போட்டன்."

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாக வன்னி மண்ணைக் கொத்திய மனுஷிக்கு இன்னும் அந்தப் பெயர்தான். வீரம்மா அல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு மடியில் வைத்து இன்னொரு தடவை புரட்டினாள். "நல்லா இருக்குடி" என்று மூடி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டாள். இதற்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நான் வீரம்மாவின் மகள் இல்லை என்று சுமித்திரா அன்றைக்கே முடிவுகட்டினாள். தவமலரின் மகள் நிதர்சிகாவுக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. அவசரமில்லை.

அவள் வாங்கிய மிரர்லெஸ் கமராவில் முகத்தைப் பதிந்து வைக்கலாம் என்பதையும் முபாறக்தான் காட்டிக்கொடுத்தார். பிள்ளையின் முகத்தைப் பதிந்துவிட்டால், எத்தனை பேருக்குள் நின்றாலும் கமரா பிள்ளையைத்தான் முதலில் தேடிப் பிடிக்குமாம். சுமித்திரா வீட்டுக்கு வந்ததும் தாயைக் குசினி வாசலில் நிறுத்தி அவளுடைய முகத்தைப் பதிந்தாள். வேறு ஒரு முகமும் பதியவில்லை.

"படங்கள் பின்பக்கச் சின்னத் திரையில எல்லாம் வடிவாத்தான் கிடக்கும்" என்றும் அவர் எச்சரித்திருந்தார். "பெரிசாக்கிப் பாக்கேக்கதான் பிழை தெரியும். கவனம்."

நல்ல மனுஷன். யாருக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே சொல்லிக்கொடுத்துவிட்டார்.

எண்பத்தைந்தைச் சேலைக்குள் சுற்றி அலுமாரியில் வைத்தாள். சூம் லென்ஸோடு ஒரு வருஷம் ஓடித் திரிந்தாள். பிறந்தநாள், பொங்கல், புதுமனை எதையும் விடவில்லை. தவமலரை அவளே அசந்துபோகும்படி வடிவாக எடுத்து அனுப்பினாள். லண்டன் சொந்தங்கள் புகழ்ந்து தள்ளினார்கள். சூம் அன்புக்கு, எண்பத்தைந்து அலுவலுக்கு. நிதர்சிகா பெரிய பிள்ளையானதும் தவமலர் நேரே சுமித்திராவிடந்தான் வந்தாள்.

"நீர் இருக்கேக்க எனக்கென்னத்துக்கு வேற படக்காரன்?"

"அதுதானே அக்கா. நான் எடுக்கிறன்."

சாமத்திய வீட்டன்று எண்பத்தைந்து சேலையிலிருந்து வெளியே வந்தது. வீரம்மாவுக்குக் கிடைத்த இடம், மேடைக்குப் பின்னால் சமையல் ஏதனங்கள் அடுக்கும் மூலை. "எங்க நின்னாலும் என்னயப் பாத்துக்கிட்டே நில்லுங்கம்மா" என்று மட்டும் மகள் சொல்லி வைத்திருந்தாள். வீரம்மா சொன்னபடி நின்றாள். தவமலர் குங்குமப்பூ நிறப் பட்டில், மகளுக்கு ஆலாத்தி எடுத்தாள், மாலை போட்டாள், கொஞ்சினாள். கமராவின், முகம் தேடும் சின்னச் சதுரம் அவளைத் தாண்டிப் போய், பின்மூலையில் வீரம்மாவின் முகத்தில் குந்திக்கொண்டது. தவமலர் இடையிடையே வந்து சின்னத் திரையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனாள். சுமித்திரா உள்ளுக்குள் கூத்தாடிக்கொண்டிருந்தாள் என்றே சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் படங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்குப் போயின. லண்டனில் பெரிய தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்துவிட்டு முதலில் எழுதியவள் தவமலரின் சொந்தத் தங்கச்சி: "பின்னால நிக்கிற அம்மா ஆர்? என்ன வடிவான முகம். நீ ஏனக்கா எல்லாத்திலயும் புகை மாதிரி நிக்கிறாய்?"

அன்று பின்னேரமே தவமலர் வந்து இறங்கினாள். அதே பட்டு, அதே நகை, கையில் ஆலாத்தித் தட்டு. பின்னால் நிதர்சிகா, அவளும் சேலையில், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"என்ர பிள்ளையோட எனக்கு ஒரு படம் இல்லை, சுமித்திரா. முந்நூறு படத்தில ஒண்டில கூட என்ர கண் தெரியேல்லை. திரும்ப எடும்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தால் தவமலரின் குரல் உடைந்திருந்தது. பாவம் என்று யாராவது நினைத்திருக்கலாம். சுமித்திரா நினைக்கவில்லை.

"எடுக்கலாம் அக்கா. ஆனா இந்தக் கமராவில அம்மாவின்ர முகந்தான் பதிஞ்சு கிடக்கு. அவா நிக்கிற வரிசையில நிக்கிற ஆக்கள்தான் தெளிவா விழுவினம். அம்மாவோட தோள் முட்ட நில்லுங்கோ. ஒரு அடி தள்ளி நிண்டாலும் பழையபடி புகைதான்."

தவமலருக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது. மகளைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "அவவைக் கூப்பிடும்."

இதற்காகத்தான் ஒரு வருஷம். சுமித்திரா தாயை அழைத்தாள். வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீரம்மா மண்வெட்டியோடு வந்து, தவமலரையும் கமராவையும் பார்த்தாள். மகள் விஷயத்தைச் சொன்னாள்.

"வேணாங்க" என்றாள் வீரம்மா.

"அம்மா, நீங்க சும்மா நின்னாப் போதும்."

"நிக்க மாட்டேன்டி." அவள் தவமலர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை. "அந்த ஆல்பத்துல நான் இருந்தா ஒங்களுக்குக் கேவலமா இருந்திச்சு. ஒங்க ஆல்பத்துல இருந்தா எனக்குக் கேவலமா இருக்குங்க. நான் மறந்துட்டேன்னு நெனச்சீங்களா?"

சுமித்திரா கமராவைக் கீழே இறக்கினாள். இத்தனை காலமும் தாய்க்காகத் தான்தான் கோபப்படுகிறேன் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வீரம்மா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் வயல் வரம்பில் இறங்கி நடந்தாள்.

"சுமித்திரா, நீர் ஒரு வார்த்தை சொல்லுமன்" என்றாள் தவமலர்.

"நான் சொல்லேலாது அக்கா. நீங்கள்தான் கேக்கோணும்."

தவமலர் தட்டை மகளிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். பட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்று வரம்பில் காலை வைத்தாள். வீரம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தாள்.