பத்துக்குப் பூஜ்யம்

திருப்பதியிலிருந்து சிட்டிபாபு என்ற விற்பனைக்காரர் ஒரு கணக்கு சிடி கொண்டுவந்தார். அது நம் பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று பார்த்துச் சொல்லும் வேலையைத் தலைமை ஆசிரியர் ஞானசிங் என் தலையில் கட்டினார். சித்தூரில் எங்கள் மிஷன் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் புதிது. நான் கணக்கு டீச்சர். பொம்மை காட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஆகாது. கடுகடுவென்றுதான் போய் உட்கார்ந்தேன்.

அதே நேரத்தில் குடுபல்லியிலிருந்து ரத்னம்மா தன் மகள் பிரியங்காவைச் சேர்க்க வந்திருந்தாள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம் இருந்த குடும்பம். அங்கே பெண் பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. வயதுக்கு ஐந்தாம் வகுப்பு, ஆனால் மூன்றாவதில்தான் போட முடியும் என்றார் ஞானசிங்.

"மூணாவதுன்னா வேணாம் சார். சின்னப் பசங்களோட உக்கார வெக்கப்படுது. திரும்பப் பெங்களூருக்கே இட்டுக்கினு போயிட்றேன், கைக்குழந்தைய பாத்துக்கினு இருக்கட்டும்," என்றாள் ரத்னம்மா.

"எந்த கிளாஸ்னு எங்க சாஃப்ட்வேரே சொல்லிடும் சார்," என்றார் சிட்டிபாபு. இரண்டு வேலையும் ஒன்றாக முடியட்டுமே என்று ஞானசிங்கும் தலையாட்டினார்.

திரையில் ஒரு காடு, காட்டை ஒட்டிக் கரும்புத் தோட்டம். ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று விடைகள். சிட்டிபாபு ஒன்றைச் சரியாகத் தட்டிக் காட்டினார். காட்டிலிருந்து யானை ஆடி அசைந்து வந்து கரும்பை முறித்துத் தின்றது, மணி அடித்தது. இன்னொன்றைத் தப்பாகத் தட்டினார். யானை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு காட்டுக்குத் திரும்பியது.

பிரியங்கா மவுஸைப் பிடித்தாள். ஒவ்வொரு கணக்கையும் உதடு அசையப் படித்தாள், யோசித்தாள், தப்பாகத் தட்டினாள். கடைசிவரை அப்படியேதான். பத்துக்குப் பூஜ்யம், இரண்டாம் வகுப்புத் தரம் என்று திரை தெலுங்கில் சொன்னது. ரத்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

நானும் எழுந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடிக்கொண்டு தட்டினால்கூட ஒன்றிரண்டாவது சரியாக வந்து விழுமே. பத்தும் தப்பாக வேண்டுமென்றால் சரியான விடை தெரிந்தால்தானே முடியும்?

அதே கணக்குகளை நான் வாயால் கேட்டேன். கேட்ட வேகத்தில் பதில் வந்தது. பத்தும் சரி.

"எங்க கத்துக்கின?"

"பில்டிங்குல. செங்கல் லோடு கணக்கு நான்தான் சொல்லுவேன்."

"தெரிஞ்சும் ஏண்டி தப்பா தட்டின?"

"சரியா தட்டினா ஆனை வந்து கரும்ப துன்னுடுது டீச்சர்."

ரத்னம்மா பையைக் கீழே வைத்தாள். "மொத மொதல்ல சொந்த நெலத்துல போட்ட கரும்பு டீச்சர். ஆனைக் கூட்டம் எறங்கி ஒண்ணு வுடாம மிதிச்சிட்டுப் போச்சு. அதான் பெங்களூருக்குப் போனோம்."

"இது வெறும் படம்னு தெரியாதா?" என்று பிரியங்காவைக் கேட்டேன்.

"தெரியும். ஆனா பாக்க முடியல."

"தப்பா தட்டினா அம்மா திரும்ப பெங்களூருக்கே இட்டுக்கினு போயிடுவாங்கன்னும் தெரியுமா?"

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள். "தெரியும் டீச்சர். ஆனா அது யாரோ நட்டு வெச்ச கரும்பாச்சே."

இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட கை எனக்கு. அந்தப் பெண்ணுக்கு முன்னால் அதை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை.

சிட்டிபாபுதான் மெல்லக் கேட்டார். "அப்போ சரியா தட்டினா ஆனைக்கு என்னம்மா குடுக்கலாம்?"

"காட்டுக்குள்ளயே தண்ணி வைங்க சார். அது வெளியவே வராது."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். யானைக் காட்சியை மாற்றிக் கொண்டுவந்தால் வாங்கலாம் என்று நான் ஞானசிங்கிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சரி என்றார்.

ரத்னம்மாவுக்கு இதில் எதுவும் புரியவில்லை. "எந்த கிளாஸ் டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

"அஞ்சாவது," என்றேன். "என் கிளாஸ்."