பாண்டியம்மாளின் முகவரி

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்தில் பிறந்தது. கம்பத்தில் நடந்த சமைக்காத உணவு முகாமுக்காக அதை எழுதியவன் நான். ஊரே பச்சையாகச் சாப்பிட்டால் கேஸ் மிச்சம், பெண்களுக்கு அடுப்படியிலிருந்து விடுதலை, நம் திராட்சைக்கு உள்ளூரிலேயே கிராக்கி என்று அடுக்கினேன். (இதில் பாதி உண்மை என்று இப்போதும் நினைக்கிறேன்.) படிக்கிறவர் மனதில் நிற்க ஓர் ஆள் வேண்டுமே! சின்னமனூர் பாண்டியம்மாளைக் கற்பனையாகச் சேர்த்தேன். நாற்பது நாள் நெருப்பு பட்ட எதையும் தொடாமல் சர்க்கரை நோயை விரட்டியவள்.

2

கொடிகளின் மேல் இளவெயில் படர, ஆரோக்கியம்மாள் தன் கத்தரிக்கோலை...

வேண்டாம். அழகாகத் தொடங்கினால் நான் தப்பித்துவிடுவேன்.

ஆரோக்கியம்மாள் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளைக் கவாத்து வெட்டுகிறவள். எட்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரை முழுங்கியே அலுத்துப்போனவள். பிரசுரம் கைக்கு வந்தபோது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தவக்காலத்துக்கு இரண்டு நாள் இருந்தது. நாற்பது நாள் என்று படித்ததுமே அவளுக்கு அது கடவுளுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சையாகிவிட்டது. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று அடுப்பை அணைத்தாள். முளைகட்டிய பயறு, தேங்காய், வாழைப்பழம், திராட்சை.

"ஏ ஆரோக்கியம், மாத்திரைய மட்டுமாவது போட்டுக்க" என்றார் கணவர் பிலவேந்திரன்.

"அதுவும் கம்பெனியில நெருப்புல காய்ச்சுனதுதான? நேர்ச்சைய முறிக்கச் சொல்றீகளா?"

(சிரிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருந்தேன். பாண்டியம்மாளுக்கு இடம் போதவில்லை என்று அதை வெட்டினேன்.)

ஐந்தாவது வாரம் பந்தல் கம்பி அவள் பாதத்தைக் கிழித்தது. சர்க்கரையில் மரத்துப்போன கால், அவளுக்குத் தெரியவேயில்லை. புண் அழுகி, ஈஸ்டருக்கு மறுநாள் ஆஸ்பத்திரியில் மூன்று கால்விரல்களை எடுத்துவிட்டார்கள்.

3

பிரசுரத்தில் என் நம்பர் இருந்தது. பிலவேந்திரன் கூப்பிட்டார். திட்டு வாங்கத் தயாராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரோக்கியம்மாள் கும்பிட்டாள்.

"பாண்டியம்மா அக்கா வீடு சின்னமனூருல எங்கன இருக்கு சார்? அவுகளுக்குக் கேட்டிருச்சு, எனக்கு மட்டும் ஏன் இப்படி? குருத்தோலை ஞாயித்துக்கெழம தெரியாம ஒரு வாய் காப்பி குடிச்சுட்டேன். அதுனாலதான் இருக்கும்."

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறேன். அவள் என் முகத்தில் காறித் துப்புகிறாள்.

முடிவு இரண்டு: பாண்டியம்மாள் செத்துப்போனாள் என்கிறேன். (இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வெட்கங்கெட்டவன்.)

நடந்தது: "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன்.

"மறந்துராதீக சார். கால் ஆறட்டும். அவுககிட்ட முறையாக் கேட்டுக்கிட்டு அடுத்த தவக்காலத்துல மறுபடி நேர்ச்சை இருக்கணும்."

4

அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. இதற்கு முடிவெழுத எனக்குத் துப்பில்லை. ஓடைப்பட்டியில் மாதா கோயிலுக்குப் பின்தெரு. பிலவேந்திரன் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். பாண்டியம்மாள் என்று ஒருத்தி இல்லவே இல்லை என்று நீங்கள் ஆரோக்கியம்மாளிடம் சொல்லுங்கள். அடுத்த சாம்பல் புதனுக்குள் போய்விடுங்கள்.