ஊதா மூடியில் ஒரு பூஜ்யம்

1.

இந்தக் கதை என் கற்பனை இல்லை. என் கையில் ஊசி குத்திய லேப்காரி சொன்னது. "ஒரே ரத்தத்துக்கு எதுக்கும்மா இத்தனை கலர் மூடி?" என்று சும்மா கேட்டு வைத்தேன். அவள் பஞ்சை அழுத்தியபடியே சொல்ல ஆரம்பித்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவன் இன்னும் மீளவில்லை.

2.

முதல் தொடக்கம்: "அவளுடைய அண்ணியின் உடலுக்குள் ஒரு யுத்தம் மூண்ட—"

(அடித்துவிட்டேன். நோய் என்றாலே யுத்தம் என்று எழுதிக் கை பழகிவிட்டது. அங்கே யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. ஒரு கத்தரி வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.)

காயத்தை அடைக்க உதவும் புரதம் ஒன்று நம் ரத்தத்தில் இருக்கிறது. அது நீள நாடாவாகத்தான் வெளியே வரும். அதை அளவாக வெட்டிவிட ஒரு நொதி ஓயாமல் சுற்றுகிறது; நான் சொன்ன கத்தரி அதுதான். வெட்டாத நாடாவில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு, காயமே இல்லாத இடத்தில், மூளையின் சின்னஞ்சிறு குழாய்களைக்கூட அடைத்துவிடும். இதைக் கேட்ட அன்று என் மணிக்கட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரமிப்பு என்பதற்கு மேல் ஒரு சொல் எனக்குத் தெரியவில்லை.

3.

அண்ணி உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளிகளோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நாத்தனாரான லேப்காரியைப் பார்த்தே "நீங்க யாரு?" என்றாள். அந்தக் கத்தரி இல்லாத நோய்தான் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். அந்த நொதியை அளக்க லேப்காரியே ரத்தம் எடுத்தாள். முடிவுக்குக் காத்திராமல் பிளாஸ்மா ஏற்றத் தொடங்கினார்கள். யார் யாரோ தானம் தந்த பிளாஸ்மா. அவர்களுடைய கத்தரிகள் அதில் இருக்கும்.

சோதனையில் நொதியின் அளவு பூஜ்யம் என்று வந்தது. நோய் தெரிந்துவிட்டதென்று டாக்டர் மூச்சு விட்டார். அப்போதுதான் லேப்காரி ட்யூபின் மூடியைப் பார்த்தாள். நீல மூடி இருக்க வேண்டிய இடத்தில் ஊதா.

(ஊதா ட்யூபில் உள்ள மருந்து, ரத்தத்திலிருந்து சுண்ணாம்புச் சத்தையும் துத்தநாகத்தையும் பிடுங்கிக்கொள்ளும். கத்தரிக்கோலின் நடு ஆணியைக் கழற்றின மாதிரி. அதில் உங்கள் ரத்தத்தை ஊற்றினாலும் பூஜ்யம்தான்.)

இந்த இடத்தில் எனக்கு இவள்மேல் நம்பிக்கை போனது. இத்தனை வருஷம் லேபில் இருப்பவள் இப்படித் தப்புப் பண்ணுவாளா? அவளிடமே கேட்டேன்.

"வேற யாரா இருந்தாலும் கை தப்பாது சார். அது எங்க அண்ணி."

சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

4.

ட்யூப் மாறியதை லேப்காரி டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். டாக்டர் கத்தவில்லை. "அப்ப அந்த பூஜ்யம் அவங்களோடது இல்ல, ட்யூபோடது. திரும்ப எடுத்தா?"

"இப்ப அடுத்தவங்க நொதி கலந்திருக்கு டாக்டர். சோதனையில அதைத்தான் காட்டும்."

இந்த நோய்தான் என்றால் ஏறுகிற பிளாஸ்மாவே மருந்து. வேறு நோய் என்றால், அதைத் தேட வேண்டிய நேரம் வீணாகிக்கொண்டிருக்கிறது.

கட்டிலில் அண்ணி மஞ்சள் பிளாஸ்மா பையைப் பார்த்தபடி லேப்காரியிடம் கேட்டாள்: "நர்ஸம்மா, இது யாரு குடுத்தது?"

"தெரியாதுங்க அண்ணி."

"அவங்களுக்குத் தெரியுமா, இங்க வந்து வேலை பார்க்குதுன்னு?"

லேப்காரிக்கு அழுகை வந்துவிட்டது. சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்து லேபுக்கு ஓடினாள். அண்ணியைச் சேர்த்தவுடன், பிளாஸ்மா ஏறும் முன்பே, ரத்தம் உறையும் சோதனைக்கு நீல ட்யூபில் எடுத்திருந்தார்கள். அதன் மிச்சம் உறைபெட்டியில் கிடைத்தது. மெஷினில் வைத்தாள். அண்ணியிடம் குறை கண்டுபிடிக்காத நாத்தனார் உண்டா? ஆனால் இவள் அன்று கைகூப்பி வேண்டிக்கொண்டாள், நொதியில் குறை இருக்க வேண்டும் என்று.

5.

இங்கே என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

(பொய். யாரும் கூப்பிடவில்லை. அவள் முடிவைச் சொல்ல வாயெடுத்தாள். நான்தான் பயந்து எழுந்து வந்துவிட்டேன்.)

இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணி அவளை உறவு சொல்லிக் கூப்பிடுகிறாள். மற்றதில் டாக்டர் முதலிலிருந்து தேட—

இரண்டையும் கிழித்துவிட்டேன். இதைப் படிக்கும் நேரமெல்லாம் உங்களுக்குள் அந்தக் கத்தரி, யாரும் கேட்காமலே, வெட்டிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் என் பேனா எந்த மூலைக்கு?

மெஷின் திரை காலியாக இருக்கிறது. எண்ணை நீங்களே போடுங்கள். பூஜ்யம் போடுவதானால் கை நடுங்க வேண்டாம். அண்ணியைக் காப்பாற்றுகிற எண் அதுதான்.