கழித்ததைத் தின்ற அணுக்கள்

மோகனன் சார் நல்ல மனிதர்தான், தான் சொன்னதை யாரும் மறுக்காத வரைக்கும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய குன்னத்துகால்காரர். ஆய்வகத்தில் மலையாளமும் ஆங்கிலமும் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் ஊர்த்தமிழ்.

அன்று பாறசாலையில் கருத்தரங்கு. மேடைக்குப் பின்னால் தன் ஆராய்ச்சி மாணவி ஜோஸ்மியை நிறுத்தித் தமிழில் பிடித்துக்கொண்டார்.

"உனக்க பேச்சுல இருந்து அந்தப் படத்த எடுத்திரு. அது ரயிலு செய்த சோலியாக்கும். சயன்ஸ் இல்ல."

ரயில் செய்தது என்பது உண்மைதான். காரோடு என்ற ஊரிலிருந்து பாறசாலை வந்து, பாசஞ்சர் ரயில் பிடித்துத் திருவனந்தபுரம் போகிறவள் ஜோஸ்மி. கிருமியோடு சண்டைக்குப் போகும் வெள்ளணுக்கள்தான் அவள் பாடம். உடம்பில் அழற்சி வந்தால் அவை சர்க்கரையை அவசர அவசரமாக எரித்து, மிஞ்சும் லாக்டேட் என்ற பொருளை வெளியே தள்ளும். அதனால் ஆய்வகத் தட்டில் அவை கிடக்கும் ஊட்டநீரைத் தினமும் காலையில் மாற்ற வேண்டும். ஒருநாள் வண்டியை நெய்யாற்றின்கரையில் நிறுத்திப் போட்டுவிட்டார்கள். மதியம் போய்ச் சேர்ந்தவள், எல்லாம் செத்திருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தாள். நீரில் லாக்டேட் குறைந்திருந்தது. கழித்ததையே திரும்ப எடுத்து எரித்திருந்தன அணுக்கள். சண்டை வேகமும் தணிந்திருந்தது. அதைக் காட்டும் வரைபடம்தான் அந்தப் படம்.

லாக்டேட் வெறும் கழிவு என்று வருடக்கணக்காக எழுதி வருபவர் சார். அவருக்கு எப்படிப் பிடிக்கும்?

"பொறவு நான் வேணும்னே மாத்தாம வெச்சுப் பாத்தேன் சார். புது நீருல லாக்டேட்ட மட்டும் கலந்தும் பாத்தேன். அப்பவும் சண்ட அடங்குது. லாக்டேட் அணுவுக்குள்ள போற வழிய அடச்சா அடங்கல்ல."

"உனக்கு பிஎச்டி வேணுமா, வேண்டாமா?"

ஜோஸ்மி முதலில் பயந்தாள். அம்மா சுகிர்தபாயின் நினைவு வந்தது. விரல் மூட்டெல்லாம் வீங்கி, மீன் கழுவக்கூட முடியாத அம்மா. அந்த வீக்கத்துக்காகத்தான் இந்தப் படிப்பையே எடுத்தாள். பயம் போய்க் கோபம் வந்தது.

"வேணும் சார். ஆனா இந்தப் படத்தோட வேணும்."

"அப்பம் எனக்க பேரு அதுல இருக்கப்பிடாது, கேட்டியா?"

கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தார். ஜோஸ்மி மடிக்கணினியைத் திறந்தாள். உரையின் முதல் பக்கத்தில் அவர் பெயரை அழித்து, அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"எடுத்தாச்சு சார்."

"நில்லு பிள்ளே!"

அவள் நிற்கவில்லை. படியேறி ஒலிவாங்கியைப் பிடித்தாள். மலையாளத்தில் பேச எழுதி வந்திருந்ததை மடித்து வைத்தாள்.

"ஒருநாளு எனக்க வண்டி லேட்டாச்சு," என்று தொடங்கினாள்.