நடுத்தெருவில் நின்ற தையல் மெஷின்

சின்னக்கரையில் கணவனும் மனைவியும் பிரிந்தால், வீட்டுச் சாமான்கள் யாருக்கு என்பதைச் சாமான்களே தீர்மானிக்கும். தெருவின் கிழக்கு முனையில் ஒருவரும் மேற்கு முனையில் ஒருவரும் வீட்டுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. சாமான்களைக் கூப்பிடக் கூடாது. ஜப்தி செய்யும் கோர்ட் அமீனா விசில் ஊதியதும் அவை படியிறங்கி, தங்களுக்குப் பிடித்த பக்கம் நடக்கும். அடுத்த விசிலுக்குள் யாரிடமும் போய்ச் சேராத சாமான் கோர்ட் கிடங்குக்குப் போய்விடும்.

மார்கழிக் காலை. கோமளா கிழக்கு முனையில், பால் பூத்தைப் பார்த்தபடி நின்றாள். பீரோவும் கட்டிலும் அவளுக்கு வேண்டாம். தையல் மெஷின் வந்தால் போதும். வந்தால் ஜாக்கெட் தைத்துத் தனியாகப் பிழைத்துக்கொள்வாள். வராவிட்டால் காலம் முழுவதும் அண்ணியின் முகம் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

மேற்கு முனையில் தண்டபாணி நின்றான். நெட்டையான ஆள். தைக்கத் தெரியாது. ஆனாலும் மெஷின் அவனுக்கு வேண்டும். “அது இல்லாம இவ எத்தன நாளு தாங்குறான்னு பாக்குறேன்” என்று டீக்கடையில் சொல்லியிருந்தான்.

விசில் ஊதியது.

கோமளாவுக்குக் காது மட்டும்தான் வழி. முதலில் தடதடவென்று பீரோ இறங்கியது. பின்னால் கட்டில். ஃபிரிட்ஜ் தன் வயரைத் தரையில் இழுத்துக்கொண்டு போனது. எல்லாம் மேற்கே.

“கட்டிலப் பாருங்கடி, ரேஸ் குதிர கெட்டுது!” என்று ஒருத்தி கத்தினாள்.

“ஏ கிரைண்டரு, ஓரமாப் போ! பின்னால மிக்சி வருதுல்ல!”

துடைப்பம் மட்டும் கிழக்கே வந்து, கோமளாவின் காலருகே சாய்ந்து நின்றது.

அப்போதுதான் காற்றில் தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. கோமளாவுக்கு விஷயம் பிடிபட்டது. கல்யாணமான நாளிலிருந்து எதையும் தொட்டுத் துடைக்காத மனிதன், நேற்று எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டிருக்கிறான். சாமான்கள் நெகிழ்ந்துபோயிருக்கின்றன. அப்படியானால் மெஷினுக்கும் தேங்காயெண்ணெயா? இந்தக் குளிரிலா?

கிரீச், கிரீச் என்று மெஷின் படியிறங்கியது. மேற்கே திரும்பியது. நாலடி வைத்தது. பிறகு சத்தமே இல்லை.

“நடுத்தெருவுல நின்னுடுச்சு!” மாடியிலிருந்து பக்கத்து வீட்டு பர்வீன் கூவினாள். “எண்ணெ உறஞ்சு சக்கரம் சுத்த மாட்டேங்குது!”

அமீனா கடிகாரத்தைப் பார்த்தார். கோமளாவின் கண்ணுக்கு எதிரே, பால் பூத்துக்கு மேல் சூரியன் மெல்ல ஏறியது. வெயில் அவள் முகத்தில் பட்டு, தோளைத் தாண்டி, தெருவுக்குள் நீண்டது. ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று அவள் மனசுக்குள் வெயிலைத் தள்ளினாள்.

“சொட்டுது! எண்ணெ சொட்டுது!” என்றாள் பர்வீன்.

கோமளாவின் வலது கால் தானாக ஆட ஆரம்பித்தது. குதிகால், விரல். குதிகால், விரல். வருஷக்கணக்காக மெஷினை மிதித்த கால் அது. “கோமளா காலப் பாருங்கடி, மெஷின் மிதிக்குது!” என்று ஒருத்தி கத்தினாள்.

“அய்யா! அவ கூப்பிடுறா!” என்று தண்டபாணி அந்த முனையிலிருந்து கத்தினான்.

“கால் ஆட்டுறதுல தப்பில்ல, தம்பி. நீங்க திரும்பாம நில்லுங்க” என்றார் அமீனா.

தடக். தடக். அவள் கால் போன வேகத்தில் மெஷினின் மிதிபலகையும் ஆடியது. அது அரைவட்டம் அடித்துக் கிழக்கே திரும்பியது. “வா, வா, வா!” என்று தெருவே கைதட்டியது. அமீனா விசிலை வாயில் வைத்தார். கோமளாவின் முதுகில் சக்கரம் வந்து இடித்தது. விசில் ஊதியது.

அவள் திரும்பி, முந்தானையால் அதன் எண்ணெயைத் துடைத்தாள்.

அடுத்து ஜீவனாம்சம். யாரிடம் அதிகச் சாமான் போகிறதோ அவர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கோமளாவுக்குக் கொடுக்கும்படி நீதிபதி தண்டபாணிக்கு உத்தரவிட்டார்.

“சனி முடிஞ்சு நேரா திங்களா? அப்ப கறி என்னைக்கு எடுக்கிறது?” என்று கேட்டான் தண்டபாணி.

“எண்ணெ போடும்போதே யோசிச்சிருக்கணும்” என்றார் நீதிபதி.

முதல் ஞாயிற்றுக்கிழமையைச் செய்தித்தாளில் சுற்றி, சணல் கட்டி, அமீனா கொண்டுவந்து கொடுத்தார். கோமளா அதைப் புதன்கிழமை பிரித்தாள். நல்ல கெட்டியான ஞாயிறு. ஆனால் தண்டபாணியின் அளவுக்கு இருந்ததால் அவளுக்குச் சாயங்காலப் பக்கம் தரையில் புரண்டது. கத்தரித்து, ஓரத்தை மடித்து, மெஷினில் அடித்தாள்.

மிச்சம் விழுந்த துண்டை பர்வீன் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“என் வியாழக்கிழம இடுப்புல ரொம்ப இறுக்குது, கோமளா. இதுல ஒரு ஒட்டுப் போட்டுக் குடேன்.”

கோமளா அளவு நாடாவை எடுத்தாள்.